ஊட்டா ஆய்த்தா

ஐயா, வணக்கம். சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் கதைகளில் சீனரும் மலாய்க்காரரும் பக்கத்து வீட்டு ஆட்களாக வருகிறார்கள். நம் கொங்கு எழுத்தில் கவுண்டரும் அவர் காடு தோட்டமும்தான். இங்கே பல இனக் கலப்பே இல்லை என்பதுதானே காரணம்?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள வாசகிக்கு,

கலப்பு இல்லையா? தேவாங்க நெசவாளர் வீட்டுக்குள் கன்னடம். நாயுடு வீட்டில் தெலுங்கு. அருந்ததியர் வளவிலும் பல குடும்பங்களில் தெலுங்குதான், ஆனாலும் நாயுடு வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்ததில்லை. ஆனைகட்டிப் பக்கம் போனால் இருளர் மொழி. வாசப்படி தாண்டிவிட்டால் எல்லாருக்கும் 'ஏனுங்க' வந்துவிடும். சிங்கப்பூரில் பல பொது அறிவிப்புப் பலகைகளே நான்கு மொழியில் இருக்கும், எழுதுகிறவன் கண்ணில் படாமல் போகாது. இங்கே படாமலே ஆயுசு முழுக்க எழுதலாம்.

நானே எழுதினேன். பள்ளிக்கூட நண்பன் வீட்டுக்குப் போனால் தறிக்குழியில் இருந்தபடியே அவன் அம்மா அவனிடம் 'ஊட்டா ஆய்த்தா' என்பார். என் பக்கம் திரும்பி 'சாப்புட்டயா கண்ணு' என்பார். அவரை வைத்து எழுதிய கதையில் இரண்டையும் தமிழாகவே போட்டுவிட்டேன். படித்துவிட்டு நண்பன் கேட்டான், 'எங்கம்மா எப்படா எங்கிட்ட இப்பிடிப் பேசுச்சு?'

ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை அச்சில் ஏற்றியது பெரிய காரியம். பின்னால் வந்த எங்களுக்கு அந்தப் பேச்சின் மேல் ஏற்பட்ட பெருமையில், எல்லார் வாயிலும் அதையே ஊற்றிவிட்டோம். விதிவிலக்கு உண்டு. எம். கோபாலகிருஷ்ணனின் 'அம்மன் நெசவு' தேவாங்கர்களின் வாழ்க்கையையே நாவலாக்கியது. படித்துப் பாருங்கள்.

இப்போது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள். நான் படித்த கதைகளில் பெரும்பாலும் கும்பலாக வருகிறார்கள், 'இந்திக்காரங்க' என்று. ஒடியாக்காரனும் அதில் அடக்கம், அவன் மொழி இந்தியே இல்லை என்றாலும்.

போன வாரம் பேக்கரியில் ஒரு ஒடியாப் பையன் 'டீ சக்கர கம்மிங்களா?' என்று கேட்டான். சுத்தமான கொங்கு. பேர் கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் டீ மாஸ்டர் சொன்னார், 'அவம் பேரு நம்ம வாயில நொளயாதுங்க. ராஜூன்னு வெச்சுட்டோம்.'