மேடையில் கேட்டதை வைத்து கல்லூரியை விடலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதமும், உங்கள் பையனின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியதும் கிடைத்தன. சென்னையில் நடந்த தொழில் தலைமை மாநாட்டுக்குப் போய்வந்ததிலிருந்து "படிப்பு வேண்டாம், தொழில் தொடங்கப் போகிறேன்" என்கிறான்; மூன்றாம் வருஷ இன்ஜினியரிங், இரண்டு அரியர், வீட்டில் தினமும் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்து வந்த பையன் அவன். மாநாட்டுக்குப் போனதற்காக அவனைத் திட்டாதீர்கள். அங்கே கேட்டதை எப்படி எடை போடுவது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதல் பக்கத்திலேயே "டிகிரி என்பது வெறும் காகிதம்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறான். இதைச் சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் எந்த நிலைமையில் உண்மை ஆனது என்பதைச் சொல்ல மேடையில் நேரம் தருவதில்லை. படிப்பை விட்டவர் என்றதும் எல்லோரும் பில் கேட்ஸ் பெயரைச் சொல்வார்கள். 1975-ல் அவர் ஹார்வர்டை விட்டு வரும்போது, ஆல்டேர் கம்ப்யூட்டரைத் தயாரித்த எம்ஐடிஎஸ் நிறுவனம் அவரும் பால் ஆலனும் எழுதிய மென்பொருளை வாங்கத் தயாராக இருந்தது. அப்பா சியாட்டிலில் பெயர் பெற்ற வழக்கறிஞர். அப்போதும் கேட்ஸ் முதலில் எடுத்தது விடுப்புதான். வேலை நடக்காமல் போயிருந்தால் திரும்பப் போய் உட்கார வகுப்பு இருந்தது.

நம் ஊரிலேயே பாருங்கள். பட்டம் அவசியமில்லை என்று ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதை வைத்து அவரை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்காது, ஏனென்றால் அவர் சொன்னதைச் செய்தும் காட்டினார். அந்த நிறுவனம் நடத்தும் ஸோஹோ பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு, பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலைக்குப் போகிறார்கள். அப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் இருப்பவனுக்கு டிகிரி இல்லாதது குறை இல்லை. எந்த ஏற்பாடும் இல்லாமல் மூன்றாம் வருஷத்தில் வெளியே வருபவனின் கதை முற்றிலும் வேறு.

இதற்கு உங்கள் பையனே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மாநாட்டில் பேசிய ஒவ்வொருவருடைய நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் திறந்து, புதிதாகச் சேர்ப்பவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று படிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்ற வரிகள் கேம்பஸ் அறிவிப்புகளில் எத்தனை சாதாரணம் என்பது அவனுக்கே தெரியும். தலைவர் மேடையில் பேசியதும் அவருடைய மனிதவளத் துறை எழுதிவைத்திருப்பதும் ஒத்துப்போனால் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால், வேலை தேடி வரும் பையனை நிறுத்துவதும் சேர்ப்பதும் அந்த எழுத்துதான்.

அடுத்த பக்கத்தில் "20 வயதில் ரிஸ்க் எடுக்காமல் எப்போது எடுப்பது" என்று இருக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் ரிஸ்க் எடுத்தவர்கள் எதன் மேல் நின்றுகொண்டு எடுத்தார்கள் என்பதையும் கூடவே கேட்க வேண்டும். 1981-ல் இன்ஃபோசிஸ் தொடங்கியபோது நாராயண மூர்த்தி கான்பூர் ஐஐடியில் எம்.டெக். முடித்து, பல வருஷம் வேலை பார்த்து, முப்பது வயதைத் தாண்டியிருந்தார். கையில் இருந்த 10,000 ரூபாய், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி சுதா மூர்த்தியின் சேமிப்பு. கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோவில் பல ஆண்டு வேலை பார்த்த பிறகுதான் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்; அதுதான் பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. இரண்டு பேருமே துணிந்தவர்கள்தான். தொழில் படுத்திருந்தால் மறுபடி வேலைக்குப் போகும் தகுதியும் இரண்டு பேரிடமும் இருந்தது. அதோடு, தொடங்கி மூடிப்போன கம்பெனிக்காரரை இத்தகைய மேடைக்கு யாரும் சாதாரணமாகக் கூப்பிடுவதில்லை. அவர்கள் எத்தனை பேர், என்ன ஆனார்கள் என்பது கேட்பவனுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறான். 2023-ல் நாராயண மூர்த்தி சொன்னதிலிருந்து எல்லா மேடையிலும் அது ஓடுகிறது. பங்கு வைத்திருக்கும் முதலாளியின் 70 மணி நேரமும் சம்பளக்காரரின் 70 மணி நேரமும் ஒன்றல்ல. இப்போதைக்கு இதை விட்டுவிடலாம்.

அவனிடம் நிஜமாகவே ஒரு யோசனை இருக்கிறதா என்று கேளுங்கள். சண்டைக்காகக் கேட்காமல், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள்: யாருக்கு என்ன விற்கப் போகிறான், யாராவது ஒருவர் காசு கொடுக்கத் தயாரா? "ஆமாம்" என்றால் கல்லூரியில் இருந்தபடியே தொடங்கட்டும். கல்லூரியின் தொழில்முனைவோர் மையம், புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன், கிண்டியில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் எல்லாம் இதற்காகவே இருப்பவை. வியாபாரம் உண்மையிலேயே நேரத்தைக் கேட்க ஆரம்பித்தால் அதற்கும் வழி உண்டு. மாணவர் தொழில் தொடங்க ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ இடைவெளி தரலாம் என்று 2019-ன் தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை கல்லூரிகளுக்குச் சொல்கிறது. முதல்வரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பெயரையே எடுத்துவிட்டு வருவது வேறு, இது வேறு.

அடுத்த மாநாட்டுக்கும் அவன் போகட்டும். ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு மேடையில் நேரம் கொடுப்பது வழக்கம் என்பதால், யார் பேச்சு, யார் விளம்பரம் என்று பார்க்கச் சொல்லுங்கள். பேச்சின் முடிவில் "இன்றைக்கு மட்டும் தள்ளுபடி" என்று பயிற்சி வகுப்பு விற்றால் அங்கே பணம் கட்ட வேண்டாம். டீ இடைவேளையில் பெரியவரோடு செல்ஃபி எடுக்க வரிசையில் நிற்பதைவிட, அவருடைய ஸ்டாலில் நிற்கும் இரண்டு வருஷ அனுபவமுள்ள ஊழியரிடம் பத்து நிமிஷம் பேசட்டும். எப்படி உள்ளே வந்தார், இன்டர்ன்ஷிப்புக்கு யாருக்கு மெயில் போட வேண்டும் என்பதை அவர் சொல்வார். கேள்வி நேரத்தில் மைக் கிடைத்தால், "முதல் வருமானம் வரும்வரை வீட்டுச் செலவை யார் பார்த்தார்கள்?" என்று கேட்கட்டும். நேர்மையான பேச்சாளர் அதற்குப் பதில் சொல்வார்.

இந்த வாரம் அந்த இரண்டு அரியருக்கும் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று பார்த்துக் கட்டிவிடுங்கள். அப்புறம் அந்த நோட்டோடு அவனை என்னிடம் அனுப்புங்கள், அவனோடு தனியாகப் பேச வேண்டும்.