வெறும் இருட்டு

அன்புள்ள ஐயா,

பையனுக்காக ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கினேன். மாடியிலிருந்து ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தைப் பார்த்தோம். படங்களில் சிவப்பும் ஊதாவுமாக இருப்பது எங்களுக்குத் திருநீறு பூசிய மாதிரி வெளிறித்தான் தெரிந்தது. நடுவே கறுப்பாக ஒரு வெட்டு. அதென்ன என்று பையன் நச்சரித்தான். "ஒன்றுமில்லை, வெறும் இருட்டு" என்று சமாளித்தேன். வேறு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லை) வாங்கினால் நிறம் தெரியுமா? நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் என்கிறார்களே, அதற்கான சூடு அங்கே எங்கிருந்து வருகிறது?

கே.

அன்புள்ள கே.,

நிறம் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்க வராது. அதை விடுங்கள். பையனிடம் சொன்னீர்களே ஒரு பதில், எனக்குக் கோபம் அதில்தான்.

எட்டாம் வகுப்பில் ஒரு மலைக்கிராமத்துக்கு முகாம் போனோம். கரண்ட் கிடையாது. தலைக்கு மேல் பால்வீதி, அதன் நடுவே நீளமாக ஒரு கறுப்புப் பிளவு. என்ன சார் அது என்றேன். "அங்க ஒண்ணும் இல்லடா, போய்ப் படு" என்றார் ஆசிரியர். மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் சுமந்து மலையிறங்கியவரும் அவர்தான். ஆனாலும் அந்த "ஒண்ணும் இல்ல" இருபது வருஷம் எனக்குள் உண்மையாகவே இருந்துவிட்டது.

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலே விருச்சிகத்தில் இப்படி ஓர் இருட்டைப் பார்த்துவிட்டு வானத்தில் ஓட்டை என்றுதான் எழுதினார் என்று பின்னால் படித்தேன். சாரை அன்றைக்கு மன்னித்தேன். 1919-இல் பர்னார்ட் என்ற வானியலாளர் இப்படிப்பட்ட 182 கறுப்புத் திட்டுகளைப் பட்டியல் போட்டார். அதில் 68-ஆம் எண், அரை ஒளியாண்டு அகலமுள்ள ஒரு கரிக்கட்டை. சாதாரணப் படத்தில் அதற்குள் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தால் பின்னாலிருக்கும் நட்சத்திரங்கள் அதை ஊடுருவித் தெரிகின்றன. ஓட்டை இல்லை, தூசும் வாயுவும். எடை சுமார் இரண்டு சூரியன்.

சூடு எங்கிருந்து என்கிறீர்கள். சூடு இருந்தால் காரியம் கெட்டுப்போகும், ஐயா! வாயு சூடாக இருந்தால் விரியத்தான் பார்க்கும். தன் எடையில் தானே சரிந்து விழ அது குளிர்ந்து கிடக்க வேண்டும். ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1902-லேயே கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. எவ்வளவு குளிர்? பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரி செல்சியஸ் அளவில். அந்தக் குளிரைக் காப்பதே தூசுதான். மேகத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசு. அதுதான் பந்தல் மாதிரி நின்று அக்கம்பக்கத்து நட்சத்திர வெளிச்சம் உள்ளே வராமல் தடுக்கிறது. தனித்தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்வதும் அந்தத் துகள்களின் மேல்தான். கொஞ்சநஞ்சச் சூட்டையும் கார்பன் மோனாக்சைடு வெளியே கடத்திவிடுகிறது. அப்புறம்தான் சரிவு. சரிந்து விழுகிற வாயு நெருக்கப்பட்டுச் சூடேறி, நடுவில் ஒரு கோடி டிகிரி அளவுக்குப் போன பிறகுதான் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். நீங்கள் கேட்ட சூடு கடைசியில் வருவது.

நீங்கள் பார்த்த அந்த வெளிறல், ஏற்கெனவே பிறந்துவிட்ட பெரிய நட்சத்திரங்கள் போடும் வெளிச்சம். இப்போது பிறந்துகொண்டிருப்பவை அதற்குப் பின்னால், இருட்டு மேகத்துக்குள். 1960-களில் பெக்லின், நாய்கபவர் என்ற வானியலாளர்கள் இருவரும் அகச்சிவப்பில் துழாவி அங்கே ஒன்றைப் பிடித்தார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் கண்ணால் பார்க்க முடியாத ஆள் அது.

உங்கள் பையன் கேட்ட வெட்டு, அந்த வெளிச்சத்துக்கு முன்னால் வந்து நிற்கும் தூசு. இன்றைக்கே அவனை மாடிக்குக் கூட்டிப்போய், அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். ஐபீஸ் காசில் அவனுக்கு ஒரு குல்லா வாங்குங்கள். மச்சைத் துளைக்கிற மாசிப் பனி.