வடகிழக்குச் சீனாவின் மஞ்சு மொழியில் ‘அ’ ஆணுக்கும் ‘எ’ பெண்ணுக்கும் உரிய உயிரெழுத்துகளா?

இல்லை. அம (தந்தை), எமெ (தாய்), ஹஹ (ஆண்), ஹெஹெ (பெண்) என்ற நான்கு சொற்களை எங்கோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரையும் மயக்குவது அந்த நான்குதான். மங்கோலிய இலக்கண மரபும் உயிர்களை ஆண், பெண் என்றே பிரிப்பதால் மயக்கம் இன்னும் கூடிவிடுகிறது.

ஒரு கருத்தரங்கில் ஒருவர் இதையே மேடையில் அடித்துப் பேசினார். நான் எழுந்து, “எழுதியது அரசனானாலும் அரசியானாலும் மஞ்சுவில் ‘அரஹ’தான், போனது யாரானாலும் ‘கெநெஹெ’தான். இதில் பால் எங்கே?” என்று கேட்டேன். வினையடியில் அகரம் இருந்தால் விகுதி ‘ஹ’, எகரம் இருந்தால் ‘ஹெ’. உயிரிசைவு, அதாவது ஒரு சொல்லுக்குள் உயிர்கள் ஒத்த இனமாக வருவது, அவ்வளவுதான்.

அடுத்துச் சொல்ல வந்ததுதான் சுவையான பகுதி. ‘நில்’ என்பதற்கு இலி, ‘இரு’ என்பதற்கு பி. இரண்டிலும் இகரம் மட்டுமே உண்டு. ஆனால் இறந்தகாலத்தில் ஒன்று ‘இலிஹ’, மற்றது ‘பிஹெ’. காரணம், மஞ்சுவுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் தாயான மூல துங்குசிய மொழியில் இகரம் இரண்டு: நாவடியைப் பின்னிழுத்து ஒலிப்பது ஒன்று, இழுக்காமல் ஒலிப்பது மற்றொன்று. சைபீரியாவின் ஏவன் மொழியில் அந்த இணை இன்றும் வாழ்கிறது. மஞ்சுவில் இரண்டும் கலந்துவிட்டன. விகுதி மட்டும் பழைய கணக்கை விடவில்லை: பின்னிழுத்த இகரத்துக்கு ‘ஹ’, மற்றதற்கு ‘ஹெ’. உகரத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அதன் பின்னிழுத்த வடிவம் பெரும்பாலும் க, ஹ போன்ற ஒலிகளை ஒட்டி மட்டுமே தங்கியது.

இதைச் சொல்வதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். பொன்னாடைகளுக்கு முக்கால் மணி நேரம், கேள்விக்கு இரண்டு நிமிடம்!

விதிவிலக்குகளைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். உண்டு, மறுக்கவில்லை. நான் சொல்வது எழுத்து மஞ்சுவைப் பற்றி. 1764இல் ஷென்யாங்கிலிருந்து மேற்கே சிஞ்சியாங்குக்கு அனுப்பப்பட்ட சிபெ இனப் படைவீரர்களின் வழிவந்தோர் பேசும் மஞ்சு வகை வேறு. அங்கே அழுத்தம் பெறாத உயிர்கள் தேய்ந்து சொற்கள் சுருங்கியிருக்கின்றன. பின்னால் வரும் இகரத்தின் இழுப்பால் ஒகரமும் உகரமும் இதழ் குவிந்தபடியே வாயின் முன்புறம் நகர்ந்து, புது உயிர்கள் பிறந்திருக்கின்றன. எழுதும்போது மட்டும் பெரும்பாலும் பழைய வடிவத்தையே எழுதுகிறார்கள்.