பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளுக்கு ஆசிரியர் எப்படி வழிகாட்டினால் பயன்படும்?

கேள்வி கேட்டவர் மலைப்பகுதிக் கல்லூரி ஒன்றில் புதிதாக ட்யூட்டராகச் சேர்ந்தவர். முதலாண்டுப் பிள்ளைகள் 12 பேரை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். "மென்டர் என்று பெயர் போட்டுவிட்டார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை" என்கிறார்.

நீலகிரியில் 17 வருடமாக நர்சிங் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் வார்டு டியூட்டி. நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆசிரியராகி இரண்டாம் வருடம். முதலாண்டுப் பிள்ளைகளை மெடிக்கல் வார்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு மாணவி படுக்கை விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்கவில்லை. "டெமோ காட்டினப்போ எங்க பார்த்துட்டு இருந்த?" என்று நோயாளிகள் முன்னாலேயே சத்தம் போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து சார்ட்டுகளைப் புரட்டியபோது, அவள் பார்த்த ஏழு நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தம் 120/80 என்று எழுதியிருந்தாள். ஏழு பேருக்கும் ஒரே அளவு வராது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுகொண்டே, "எனக்கு எதுவுமே கேக்கல மேடம்" என்றாள்.

ஸ்டெதாஸ்கோப்பை மாட்டச் சொன்னேன். காதில் வைக்கும் முனைகள் பின்பக்கம் பார்த்தபடி மாட்டியிருந்தாள். அவை மூக்கை நோக்கி முன்பக்கம் சாய்ந்திருந்தால்தான் காதுத் துளையோடு பொருந்தும். திருப்பி மாட்டிவிட்டு என் கையிலேயே பார்க்கச் சொன்னேன். "கேக்குது மேடம்" என்றாள். ஒரு நிமிட வேலை. அதற்காக மூன்று வாரம் ஏழு பேருக்கு உண்மையான அளவே பதிவாகவில்லை. அவர்களில் இருவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்.

அவள் பொய் எழுதியது தவறுதான். ஆனால் என்னிடம் வந்து கேட்கும் தைரியத்தை முதல் வாரத்திலேயே பறித்தது நான். அன்றிலிருந்து என்னை நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பிள்ளை ஒரு தப்பு செய்தால் முதலில் என்னிடம் வந்து சொல்லுமா? சொல்லும் என்றால் வழிகாட்டல் நடக்கிறது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த நம்பிக்கை தானாக வராது. முதல் சந்திப்பில் மார்க் பேச்சை எடுக்கவே வேண்டாம். எந்த ஊர், வீட்டில் யார் யார், என்ன மொழி பேசுகிறார்கள், ஃபீஸ் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். எங்கள் மலையில் இதற்கான பதில்களில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கூடலூர் பக்கமிருந்து ஊட்டிக்கு சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் நடுவட்டம் வழியாக மலையேறி வரவேண்டும், ஜூலை மழையில் ரோட்டில் மரம் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். "ஏன் லேட்?" என்று கேட்பதற்கு முன் அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளை இருக்கும், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை இருக்கும். பச்சைத் தேயிலை விலை இறங்கிய மாதத்தில் அந்தப் பிள்ளையின் முகத்திலேயே அது தெரியும். அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பிக்காமலே விட்டுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் அனாட்டமி, ஃபிசியாலஜி மலைபோலத் தெரியும். "நல்லா படி" என்று சொல்வதால் எதுவும் நடக்காது. நான் சொற்களை உடைத்துக் காட்டுவேன். ஹெப்பட் என்று வந்தால் கல்லீரல், நெஃப்ர் என்றால் சிறுநீரகம், ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. பிறகு நெஃப்ரைட்டிஸ் என்றால் என்ன என்று அவளே சொல்லட்டும். நாற்பது, ஐம்பது துண்டுகள் கைவசமானால் புத்தகத்தின் மேலுள்ள பயம் பாதி போய்விடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருமுறை வார்டில் படுக மொழி மட்டுமே சரளமாகப் பேசும் ஒரு பாட்டி, வலி எங்கே என்று யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் படுத்திருந்தார். கோத்தகிரிப் பக்கத்து மாணவி ஒருத்தி அருகில் உட்கார்ந்து அவர் மொழியிலேயே பேசினாள். பத்து நிமிடத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். ஆங்கிலம் வரவில்லை என்று வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளை அவள். "இன்னைக்கு இந்த வார்டுல உன்னால முடிஞ்சது எங்க யாராலயும் முடியல கண்ணு" என்று அவளிடம் சொன்னேன். மனதில் பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள்.

கணக்கில் தடுமாறும் பிள்ளைகளை வகுப்பறையில் திருத்த முடியாது, டிரிப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். 500 மில்லி சலைன், எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. கையில் வாட்சைக் கொடுத்து அவளையே எண்ணவிடுங்கள். ஒரு முறை எண்ணியவள் மறக்க மாட்டாள்.

ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, அவள் சொன்னது, நான் செய்வதாகச் சொன்னது, அடுத்து எப்போது பேசப் போகிறோம். நாம் சொன்னதை நாமே மறந்துவிட்டால் அடுத்த முறை அவள் வாய் திறக்க மாட்டாள். மாதம் ஒருமுறை ஆளுக்குக் கால் மணி நேரம் போதும். வருகைப்பதிவு விதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: தேர்வு எழுத 80 சதவீதம் வேண்டும், பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் போஸ்டிங்கை, அதாவது வார்டுப் பயிற்சியை, 100 சதவீதம் முடிக்க வேண்டும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போகும் பிள்ளையிடம் லீவு முடிந்த பிறகு கோபப்படுவதைவிட, விடுபட்ட நாட்களை எப்போது ஈடுகட்டுவது என்று முன்கூட்டியே சேர்ந்து உட்கார்ந்து குறித்துவிடலாம்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. முதல் போஸ்டிங்குக்கு முன் ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸ் போட்டாயிற்றா என்று பாருங்கள். 0, 1, 6 மாதம் என்று இடைவெளி இருப்பதால் கடைசி நேரத்தில் ஓட முடியாது. அப்புறம், நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே சொல்லுங்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டு விழும் என்று பயந்து மூன்று நாள் மறைத்த பிள்ளைக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். நாம் வார்டில் போடும் சத்தத்துக்கு விலை இந்த மூன்று நாள். மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டாலும் இப்படித்தான். "சொன்னதுக்காக உன்னைத் திட்ட மாட்டேன். முதல்ல நோயாளியைப் பார்ப்போம், அப்புறம் எப்படி நடந்துச்சுன்னு பேசுவோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். ஒருத்தியிடம் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் அன்று ராத்திரிக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவர்கள் வந்து சொல்வதில் சில நம் கையை மீறியவை. வீட்டில் கல்யாணப் பேச்சு, அப்பாவின் குடி, காதல் விவகாரம். பிள்ளையைக் கேட்காமல் அப்பாவுக்குப் போன் போடாதீர்கள், போட்ட அன்றோடு அந்தப் பிள்ளை உங்களிடம் வருவதை நிறுத்திவிடும். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்து கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்வேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றிரவு தனியாக விடக்கூடாது. வார்டனுக்கும் மனநல மருத்துவருக்கும் தெரியவேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் பேசலாம்.

வேலை பற்றி மூன்றாம் வருடத்துக்கு மேல் பேசினால் போதும். தமிழக அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு, எய்ம்ஸுக்கு நார்செட் என்ற நுழைவுத் தேர்வு. வெளிநாடு என்றால் ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் 12 பேருக்கும் முதல் வார்டு போஸ்டிங் எப்போது? அன்று காலை வார்டுக்குள் நுழைவதற்கு முன் வராந்தாவில் நிறுத்தி எல்லாரையும் ஸ்டெதாஸ்கோப் மாட்டச் சொல்லுங்கள். நீங்களும் மாட்டுங்கள். முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, ஒருவர் கையில் இன்னொருவர் அழுத்தம் பார்க்கட்டும். கேட்காத பிள்ளை "கேக்கல" என்று சொல்லும்வரை அவசரப்படாமல் நில்லுங்கள்.