பள்ளிக்கூடம் திறக்கப்போகுது: பங்கு உதவி பற்றி அக்காவிடம் கேள்வி பதில்

தஞ்சை, கும்பகோணம் கத்தோலிக்க மறைமாவட்டப் பங்குகளில் (கிறிஸ்தவக் கோயில் வட்டாரங்களில்) கஷ்டப்படும் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்ன உதவி உண்டு, யாரிடம் கேட்பது என்று வந்த கேள்விகள் இவை. சமூகப்பணி மையங்களோடு நெடுநாள் வேலை செய்துவரும் அக்கா பதில் சொல்கிறார். பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று முன்பே சொல்லியிருந்தோம்.

திருக்காட்டுப்பள்ளி: அக்கா, வீட்டுக்காரர் தவறி எட்டு மாசம் ஆகுது. பெரியவன் ஏழாவது, சின்னது நாலாவது. வயல் வேலை ஒண்ணும் இல்லை. கோயில்ல யாரைப் பாக்கணும்?

சம்பா அறுப்பு மாசியோடு முடிந்துவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து நடவுக்கு ஆள் கூப்பிட இன்னும் நாளாகும். நடுவில் கூலி கிடையாது. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே நாட்களில்தான். மே கடைசியில் எல்லா வீடும் ஒன்றாக வந்து நிற்கும், உண்டியலோ ஒன்றுதான். அதனால் அடுத்த வருஷம் ஏப்ரலிலேயே சொல்லிவையுங்கள்.

இப்போதைக்கு உங்கள் அன்பியப் (பக்கத்து வீட்டார் சேர்ந்த பங்குக் குழு) பொறுப்பாளரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் மூலம் வின்சென்ட் தே பவுல் சபைக்குப் போகும். ஏழைகளுக்கு உதவப் பங்கு மக்களே வாராவாரம் கூட்டம் நடத்தும் சபை அது. இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய் கூட்டத்தில் சொல்வார்கள், முடிவு அங்கேயே எடுக்கப்படும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி கூட்டத்தில் சுற்றிவரும் பைதான் அவர்களுடைய முதல். பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். மாதா மாதம் மளிகை, ஒரு முறை தையல்கூலி, மருந்துச் செலவு, இந்த அளவில் இருக்கும். வருகிறவர்களிடம் எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். முக்கியமாகக் கடனை மறைக்காதீர்கள்.

மாதாந்திரத் தொகைக்கு அரசின் 'மிஷன் வாத்சல்யா' நிதி ஆதரவு உண்டு. ஒரு பிள்ளைக்கு மாதம் ₹4,000. கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ₹72,000-க்குள், நகரத்தில் ₹96,000-க்குள் இருக்கவேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்கவேண்டும். 'அன்புக்கரங்கள்' ₹2,000 வேறு திட்டம். இரண்டு பெற்றோரும் இல்லாத பிள்ளைக்கு, அல்லது ஒருவர் இறந்து மற்றவரால் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு அது. இரண்டையும் குழப்பி மனு எழுதினால் மனு அலையும், நீங்களும் அலைவீர்கள்.

நம் ஆட்களுக்கு மனு மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பெயர்தான். ஞானஸ்நானச் சான்றில் அந்தோணிசாமி, ஆதாரில் ஆண்டனி சாமி, மாற்றுச் சான்றிதழில் எ. அந்தோணி. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். மனு கொடுப்பதற்கு முன் பிள்ளையின் ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தாலே திரும்பி வரும். வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், பழையதை நீட்டாதீர்கள்.

மன்னார்குடி: நாங்க இந்து. கோயில்ல கேட்டா குடுப்பாங்களா, மதம் மாறச் சொல்வாங்களா?

கேளுங்கள், கொடுப்பார்கள். மாறச் சொல்லி யாராவது நிபந்தனை வைத்தால் நேராக ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள்.

மயிலாடுதுறை, இளையோர் குழு: ஜூன்ல 60 பிள்ளைகளுக்கு நோட்டு, பேக், ஆளுக்கு 10 கிலோ அரிசி குடுக்கப்போறோம். வேற என்ன சேர்க்கலாம்?

சேர்ப்பது இருக்கட்டும், முதலில் கழியுங்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பாடப்புத்தகம், நோட்டு, பை, செருப்பு, சீருடை எல்லாம் வகுப்பைப் பொறுத்து இலவசமாக வந்துவிடுகிறது. உங்கள் 60 பேரில் எத்தனை பேருக்கு அது வராது என்று பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அரிசியும் வேண்டாம். நெல் விளைகிற ஊரில், ரேஷனில் அரிசி இலவசமாக வருகிற வீட்டுக்கு அரிசி மூட்டை எதற்கு? தட்டில் குறைவது பருப்பும் எண்ணெயும் முட்டையும். ரேஷனில் பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர்தான். நான்கு பேர் வீட்டுக்கு ஒரு மாதத்துக்குத் துவரம்பருப்பு 2 கிலோ, பாசிப்பயறு 1 கிலோ, கடலெண்ணெய் 1 லிட்டர், நிலக்கடலை 1 கிலோ, வெல்லம் அரைக் கிலோ, குளிக்கிற சோப்பு 3, துவைக்கிற சோப்பு 3 என்று கட்டுங்கள். முட்டையை மூட்டையில் வைக்காதீர்கள். தெருக்கோடிக் கடையில் கணக்கு வைத்து, வாரம் ஒரு டஜன் அந்த வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

சீருடை அளவு சரியாக வராது. பிரித்துத் தைக்கத் தையல்கூலி கொடுங்கள். வயசுக்கு வந்த பிள்ளைக்கு உள்ளாடை வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது உங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அதை சிஸ்டரிடமோ ஒரு அம்மாவிடமோ ஒப்படையுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். பேனரும் வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74-இன்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கும்பகோணம்: கான்வென்ட்ல ஆர்டிஇ 25 சதவீத இலவச இடம் தரமாட்டேங்கறாங்க. கேஸ் போடலாமா?

கான்வென்ட் மாதிரி சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேஸ் நிற்காது. ஃபீஸ் குறைப்புக்குத் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுங்கள். மடத்துப் பள்ளிகளில் அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைத்திருப்பார்கள். அதைவிட, அதே சபையார் நடத்தும் உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளியை ஏன் பார்க்கவில்லை? ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே படித்த பிள்ளைக்குக் கல்லூரியில் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ₹1,000 வரும். நடுவில் அங்கேயே இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினால் அது போய்விடும்.

ஒரத்தநாடு: அப்பா குடி. அம்மா திருப்பூர்ல வேலை. பாட்டி வயசானவங்க. மூணாவது படிக்கிற பொண்ணை சிஸ்டருங்க இல்லத்துல சேர்க்கணும். எந்த இல்லம் நல்லது?

நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போர்டிங் வேறு, இல்லம் வேறு. பள்ளியோடு சேர்ந்த தங்குமிடம் போர்டிங். அதற்கு 2014-ஆம் ஆண்டு தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் இருக்கவேண்டும். ஆதரவற்ற பிள்ளைக்கு இல்லம். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41-இல் பதிவு பெற்றதாக இருக்கவேண்டும், குழந்தைகள் நலக் குழுவின் (மாவட்டத்தில் அரசு அமைத்த குழு) உத்தரவு இல்லாமல் சிஸ்டர்களே நினைத்தாலும் சேர்க்கமுடியாது. "கேட்டதும் எடுத்துக்கிட்டாங்க" என்று ஒரு இல்லத்தைப் பெருமையாகச் சொன்னால், அங்கேதான் விடக்கூடாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாட்டிக்கு முடியாதது எது? சமையலா, பள்ளிக்கு அனுப்புவதா, ராத்திரி மகன் குடித்துவிட்டு வந்து போடும் சத்தமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கிறது, 2024-இலிருந்து கிராமத்து உதவி பெறும் பள்ளிகளிலும் உண்டு. மதியமும் உண்டு. மிச்சம் ராத்திரி ஒரு வேளை. மாலை நேரப் படிப்பு மையம் பங்கில் இருந்தால் ஏழு மணி வரை அங்கே இருக்கலாம். அடிதடி இருந்தால் மட்டும் பேச்சே வேறு, இன்றைக்கே 1098, குழந்தைகள் உதவி எண்.

பட்டுக்கோட்டை: அக்கா, அப்படிச் சொல்லிடாதீங்க. கஜா புயல் அடிச்சு தென்னை மொத்தமும் சாஞ்சப்ப, போர்டிங் இல்லைன்னா எங்க பக்கத்துப் புள்ளைங்க படிப்பே நின்னிருக்கும். சுனாமிக்கு அப்புறம் நாகையில அரசாங்கமே இல்லம் திறக்கலையா?

திறந்தது. 2004-இல் தாயும் தகப்பனும் போன பிள்ளைகளுக்கு. 2018-இல் உங்கள் பக்கம் போனது தென்னை, கூரை, வருமானம். தாய் தகப்பன் இருந்தார்கள். வீடு கட்டி முடிக்கிற வரை பிள்ளை போர்டிங்கில் இருந்தது சரி. வீடு எழுந்த பிறகும் திரும்பக் கூட்டிவராமல் விட்டதைத்தான் சொல்கிறேன். இன்னொன்று, பிள்ளை விடுதிக்குப் போனால் வாத்சல்யா ₹4,000 நின்றுவிடும். வருஷத்துக்கு ₹48,000. இலவசமாகச் சேர்த்தோம் என்று நினைக்கிறீர்கள், வீடு அவ்வளவு இழக்கிறது.

வலங்கைமான்: அந்த நாலாயிரத்தை அப்பன் டாஸ்மாக்குக்குத்தானே கொண்டுபோவான்?

கணக்கு பிள்ளை பெயரில், கூட்டாக அம்மாவோ பாட்டியோ. அப்பன் பெயரைச் சேர்க்காதீர்கள். ஏடிஎம் கார்டு வாங்காமல் புத்தகத்திலேயே எடுங்கள். கார்டு இருந்தால் ரகசிய எண்ணை அடித்தாவது வாங்கிவிடுவான்.

பட்டுக்கோட்டை: சிஸ்டருங்க காலம் காலமா செஞ்ச சேவையைக் கொச்சைப்படுத்துற மாதிரி இருக்கு. போர்டிங்ல படிச்சு டீச்சரானவங்க எத்தனை பேர்!

எத்தனையோ பேர், மறுக்கவில்லை. பஸ் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு, பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி இல்லாத பிள்ளைக்கு, பதினொன்று பன்னிரண்டுக்குப் போர்டிங் நல்ல வழி. நீங்கள் சொல்லும் டீச்சர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். ஆறு வயதில் வறுமைக்காகப் பிரிக்கப்பட்ட பிள்ளை வேறு கதை. அது லீவுக்கு வீட்டுக்கு வந்தால் தம்பியிடமே கூச்சப்படும். இதைச் சிஸ்டர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பல மடங்களில் தங்குமிடத்தைக் குறைத்து மாலை மையமாக மாற்றியிருக்கிறார்கள். குழப்பம் நன்கொடையாளர்களால் வருகிறது. "எத்தனை பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள்" என்று எண்ணிப் பார்த்துக் காசு கொடுத்தால், கட்டில் காலியாக இருக்க யாருக்கு மனசு வரும்?

சீர்காழி: அக்கா, நாகப்பட்டினம் பக்கம் நல்ல இல்லம் ஏதாவது சொல்லுங்களேன்.

மேலே பாருங்கள். குழந்தைகள் நலக் குழு.

பாரிஸ் (சொந்த ஊர் காரைக்கால்): எங்க பங்குல பத்துப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஃபீஸ் கட்ட ஆசை. பங்கு அக்கவுண்டுக்கு அனுப்பலாமா?

உங்கள் பாஸ்போர்ட் எது என்பதில் இருக்கிறது விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புக்கு மட்டும், அதுவும் டெல்லி பிரதான கிளை ஸ்டேட் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பமுடியும். மறைமாவட்ட சமூகப்பணி மையத்துக்கு அனுப்பினால் அவர்கள் உங்கள் பங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றமுடியாது. மையமே நேரடியாகச் செலவழிக்கவேண்டும். தெரியாமல் பங்குக் கணக்கில் போட்டு, பாவம், பங்குச் சாமியாரை விசாரணைக்கு அலையவிடாதீர்கள். பிள்ளைகளின் போட்டோ அனுப்பச் சொல்லியும் கேட்காதீர்கள்.

திருவையாறு: அந்தோணியார் ரொட்டி உண்டியல் காசு கெபி (குகைக் கோயில்) கட்டுற வேலைக்குப் போகுதாம். கேட்கலாமா?

கேட்கலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிடவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1267-இன் மூன்றாம் பகுதி சொல்கிறது. அந்தோணியார் ரொட்டி ஏழைகளுக்கான காசு. பங்கு நிதிக்குழுவில் எழுத்தாகக் கேளுங்கள், பூசை முடிந்து முற்றத்தில் நின்று சத்தம் போடாதீர்கள்.

பாபநாசம்: நாங்க ஆதிதிராவிடர் கிறிஸ்தவர். சான்று பி.சி.ன்னு வந்திருக்கு. ஸ்காலர்ஷிப் இல்லைன்னு காலேஜ்ல சொல்றாங்க.

கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியில் சேர்க்காத 1950 ஜனாதிபதி ஆணையால் சான்று அப்படித்தான் வரும். அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. காலேஜ் குமாஸ்தாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டு, கையில் எழுத்தோடு காலேஜுக்குப் போங்கள்.

வேளாங்கண்ணி: திருவிழா நேரத்தில தனியா நிக்கிற பிள்ளையை மடத்துல ஒப்படைச்சா போதுமா?

போதாது. 1098, அல்லது காவல் உதவி மையம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாகவேண்டும். யாராவது "நாங்க வளர்த்துக்கறோம்" என்று கேட்டால் பெயரைக் குறித்துக்கொண்டு போலீஸிடம் சொல்லுங்கள்.

ஊர் வேண்டாம்: பங்கு டியூஷன்ல ஒருத்தர் பிள்ளைங்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார். பேர் கெட்டுப்போகும், பங்கிலேயே பேசித் தீர்த்துக்கலாம்ங்கறாங்க.

கூடாது. போக்சோ சட்டம் பிரிவு 19: விஷயம் தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆகவேண்டும், மறைப்பதும் குற்றம். பேசித் தீர்க்கச் சொன்னவருக்கும் இதைப் படித்துக்காட்டுங்கள். இப்போதே 1098.

நாகப்பட்டினம்: நல்ல இல்லம்…

அடுத்த கேள்வி.

திருக்காட்டுப்பள்ளி (மறுபடியும்): அக்கா, அலகுக்குப் போனேன். சாமியார் லெட்டர் குடுத்தேன், அது வேணாம்னுட்டாங்க. குழு லோன் செவ்வாய்க்கிழமை தவணை வேற. சபையில கட்டுவாங்களா?

சாமியார் கடிதம் சபைக்கு, அலகுக்கு இல்லை. அலகுக்குக் கணவரின் இறப்புச் சான்று, உங்கள் ஆதார், பிள்ளைகள் ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று, பள்ளியிலிருந்து படிக்கும் சான்று, வங்கிப் புத்தக நகல். இரண்டு செட் எடுங்கள், ஒன்றில் கொடுத்த தேதியோடு முத்திரை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

தவணையைச் சபை கட்டாது, கட்டவும் கூடாது. ஒரு வீட்டுக்குக் கட்டினால் அடுத்த செவ்வாய் இருபது வீடு நிற்கும். ஆனால் லோன் கொடுக்கும்போது பெரும்பாலும் கணவர் பெயரிலும் காப்பீடு பிடித்திருப்பார்கள். லோன் பாஸ்புத்தகத்தில் காப்பீட்டுப் பிடித்தம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் இறந்த தேதியிலிருந்து மீதிக் கடன் தள்ளுபடியாக வாய்ப்புண்டு. எட்டு மாதமாக அதைச் சொல்லாமலே வசூலித்திருந்தால், இறப்புச் சான்றின் நகலை இணைத்து எழுத்தாகக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள்.