வெற்று மாத்திரையில் வலி குறைந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவையா?

மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலிக்கு ஆளான வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மருந்து ஆய்வு ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டபோது அவருக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஆய்வு முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு, அவருக்குத் தரப்பட்டது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அப்படியானால் தன் வலி கற்பனைதானா என்பது அவருடைய கவலை. இது ஹார்மோனின் வேலை என்று கூறி, ஹார்மோன் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றையும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அடங்கிய மூக்குத் தெளிப்பானையும் வாங்கச் சொல்லும் 'ஆலோசகர்' ஒருவரை நம்பலாமா என்றும் கேட்கிறார். தனக்கு வெற்று மாத்திரை போதுமானதாக இருந்ததைப் பார்த்து, பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் கணவர் அதை நிறுத்த நினைப்பதாகவும் குறிப்பிடுகிறார்.

உங்கள் வலி கற்பனை அல்ல. அது குறைந்ததும் கற்பனை அல்ல. கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் 1978-இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் நடத்திய ஆய்வில், வெற்று மருந்தால் வலி தணிந்தவர்களுக்கு நாலோக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் வலி கூடியது. எண்டார்பின் போன்ற, உடலே சுரக்கும் வலிநிவாரணிகளின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. வலி குறையும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சுரப்பைத் தூண்டக்கூடும் என்பதற்கு இதுவே முதல் வலுவான சான்று. ஆனால் உங்களுக்குக் கிடைத்த நிம்மதி முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வலி மிகுந்திருக்கும் நாட்களில்தான் பெரும்பாலோர் ஆய்வில் சேர்கிறார்கள். ஏறி இறங்கும் வலி, எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் ஓரளவு இறங்கியே இருக்கும்.

ஆக்சிடோசின் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மூக்கு வழியாக ஆக்சிடோசின் பெற்றவர்களுக்கு, மருந்தில்லாத களிம்பால் வலி தணிவது சற்றுக் கூடியது. அதில் பங்கேற்றவர்கள் அனைவரும் நோயற்ற ஆண்கள். அந்த வலியும் கையில் வெப்பம் செலுத்தி உண்டாக்கிய சிறிது நேர வலி. பின்னர் பெண்களையும் சேர்த்து நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தென்படவில்லை. 2016-இல் வாசோபிரெசின் என்ற வேறொரு ஹார்மோன், வெற்று மருந்தால் வலி தணிவதைப் பெண்களிடம் கூட்டியது, ஆண்களிடம் கூட்டவில்லை. ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு என்று நம்ப இவை போதும். கடையில் வாங்கி மூக்கில் அடித்துக்கொள்ளப் போதாது. ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்வது, பிரசவத்தில் மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுவது. அதை யாரோ ஒரு 'ஆலோசகர்' விற்கிறார் என்பதே என்னைப் பதற வைக்கிறது.

பரிசோதனைத் தொகுப்பு இன்னும் மோசமான வலை. இரத்தத்தில் உள்ள ஆக்சிடோசின் அளவு மூளையில் நடப்பதை நம்பகமாகக் காட்டாது. அளக்கும் முறைக்கேற்ப எண்ணும் பெரிதும் மாறும். உடல் நெருக்கடியைச் சமாளிக்க உதவும் ஹார்மோனான கார்டிசாலோ அதிகாலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்வது. எந்த நேரத்தில் இரத்தம் எடுத்தார்கள் என்று கேட்காமல் 'ஹார்மோன் சமநிலை குலைந்துவிட்டது' என்று சொல்பவர் உங்களுக்கு மருத்துவம் பார்க்கவில்லை, தொகுப்பை விற்கிறார். வெற்று மாத்திரை யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஹார்மோன் பரிசோதனை இன்று எதுவும் இல்லை.

கணவர் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடுபவரின் அட்ரீனல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் இருப்பது), தானாகக் கார்டிசால் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். எதிர்பார்ப்பு வலியைத் தணிக்கும். சுரக்க மறந்த சுரப்பியின் இடத்தை நிரப்பாது. அவருக்கு உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அளவைக் குறைப்பது மருத்துவர் வகுத்துத் தரும் அட்டவணைப்படி, படிப்படியாகவே நடக்க வேண்டும். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் அளவைக் கூட்டவே நேரலாம். இதை இன்றே அவரிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதம் தன் உடலை ஆய்வுக்குக் கொடுத்தவருக்கு ஒரு வரிக் கடிதம் அனுப்பிக் கைகழுவும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் அமர்த்திப் பத்து நிமிடம் விளக்கியிருந்தால் இந்த 'ஆலோசகருக்கு' உங்கள் வீட்டில் வேலையே இருந்திருக்காது. விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆய்வுக் குழுவுக்கு எழுதி, உங்கள் வலி அளவீடுகளையும் எக்ஸ்ரே படங்களையும் கேட்டுப் பெறுங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய், தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். முழங்கால் தேய்மான வலிக்கு அந்தப் பயிற்சி பலன் தருவது நன்கு நிறுவப்பட்டது; வலி குறைந்திருக்கும் இந்த நாட்களே அதைத் தொடங்க ஏற்றவை.