கயிறு, லாம்பு, அலவாங்குக்கு ஒரு புத்தகம் வாங்கோணுமோ?

கொக்குவிலில இருந்து தம்பி ஒராள் கேட்டிருக்கிறார். மச்சான்மாரோட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுறாராம், அதாவது ஒராள் கதை சொல்ல மற்றவை அதில வாற பாத்திரங்களா நிண்டு டைஸ் உருட்டி விளையாடுற விளையாட்டு, கதை நடத்துறது இவர்தான், பெடியள் என்ன நடந்தாலும் வாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குத்தான் போகினமாம். கயிறு, விளக்கு, சாக்கு, ஏணி எண்டு சாதாரண சாமான்களை மட்டும் படத்தோடயும் விலையோடயும் போட்ட தடிச்ச புத்தகம் ஒண்டு இருக்கு, கனடாவில இருந்து எடுப்பிச்சுத் தாறன், பாதிக்காசை முதலே போடுங்கோ எண்டு முகநூலில ஒருத்தர் நிக்கிறாராம். வாங்கலாமோ எண்டு கேக்கிறார்.

வாங்காதேங்கோ தம்பி. உந்த வகைப் புத்தகம் கூடாது எண்டு நான் சொல்லேல்ல, 1992இலயே இந்த விளையாட்டை அப்ப வெளியிட்ட டிஎஸ்ஆர் கொம்பனி அவுரோராஸ் ஹோல் ரெல்ம்ஸ் கட்டலொக் எண்டு முழுக்க கடைச்சாமானாவே ஒண்டு விட்டது, வாசிக்க நல்ல முசுப்பாத்தி. ஆனா உங்கட பிரச்சினை சாமான் பத்தாததில்ல, இருக்கிற சாமானை ஒருத்தரும் கையில எடுக்காததுதான்.

முதல்ல உந்த இடையில நிக்கிற ஆக்களைப் பற்றிச் சொல்லோணும், ஏனெண்டா இதில ஏமாந்து வந்து கேக்கிறவை கனபேர். ஒரு கூட்டம் வெளிநாட்டில இருந்து வாற ஆக்களின்ர பெட்டிக்க புத்தகத்தை வைப்பிச்சு, விலையோட தன்ர கொமிசனையும் ஏத்தி, பிந்தினா கஸ்டம்ஸில நிக்குது எண்டு சொல்லும், அது உண்மையோ பொய்யோ எண்டு நீங்கள் எங்க போய் விசாரிக்கிறது, விசாரிக்கப் போனா கவுண்டருக்குக் கவுண்டர் கலைப்பினம், ஒரு புத்தகத்துக்கு அரை நாள் போகும். மற்றக் கூட்டம் இன்னும் மோசம், சும்மா கிடைக்கிற பிடிஎஃப்பை போட்டோக்கொப்பி அடிச்சு சுருள் கம்பி போட்டு ஒரிஜினல் எண்டு விக்கிறது. 2023 ஜனவரியில இப்ப விளையாட்டை வெளியிடுற விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் கொம்பனி ஐஞ்சாம் பதிப்பின்ர 5.1 அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் கொமன்ஸ் எண்ட இலவச அனுமதியில விட்டிட்டுது, ஆரும் இறக்கலாம், சாமான் பட்டியல் விலை, பாரத்தோட முழுசா அதுக்குள்ளயே இருக்கு. அதை அச்சடிச்சு விக்கிறதும் மூலத்தைச் சொல்லி வித்தா குற்றமில்லைத்தான், அதுக்காக நீங்கள் ஏன் அவருக்குக் காசு குடுக்கோணும்?

விலைப்பட்டியலைப் பாத்து மயங்கவும் வேண்டாம். 2003இல வந்த விளையாட்டின்ர பழைய 3.5 பதிப்பில 10 அடி ஏணி 5 செப்புக்காசு, 10 அடித் தடி 2 வெள்ளிக்காசு. பத்துச் செப்பு ஒரு வெள்ளி. ஏணியை வாங்கி படியைக் கழட்டி ரெண்டு தடியா வித்தா பாதி விலைக்கு வித்தாலும் நாலு மடங்கு, அதை வச்சே பெடியள் பணக்காரராகிற கதை உலகம் முழுக்க சிரிச்ச கதை.

சாமானின்ர பெறுமதி விலையில இல்லை, பாவிக்கிற நேரத்திலதான் தெரியும். நான் மேல சொன்ன 5.1 இலவசத் தொகுப்பில அலவாங்கு 2 பொற்காசு, நெம்பிற வேலைக்கு அதைப் பிடிச்சா 20 பக்க டைஸை ரெண்டு தரம் உருட்டி கூடினதை எடுக்கலாம், ஆனா "நெம்புறன்" எண்டு ஒராள் வாய் திறந்து சொல்லோணும். அவை சொல்லாததுக்கு விதி எழுதினவையும் ஒரு காரணம், எனக்கு இதில நல்ல எரிச்சல். தீப்பந்தம் ஒரு செப்புக்காசு, ஒரு மணித்தியாலம், 20 அடிக்கு வெளிச்சம். லைற் எண்ட மந்திரமும் அதே ஒரு மணித்தியாலம், அதே 20 அடி, சதம் செலவில்லை, எத்தினை தரமும் போடலாம். பேந்து ஆர் பந்தம் வாங்கப்போறான்?

எங்கட ஊர் ஆக்களுக்கு இது புத்தகத்தில படிக்கிற விசயமே இல்லை. 90களில யுத்தத்தில பொருளாதாரத் தடை போட்டு, கரண்ட் இல்லாம, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடா இருக்கேக்க ஜாம் போத்தலுக்க துளி எண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில படிச்சவை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டவை உங்கட வீட்டிலயே இருப்பினம். அவையைப் பிடிச்சு ஒரு பின்னேரம் கதையுங்கோ. கடகம், துலா, உமல் எண்டு எங்கட சாமானையே பட்டியலில சேருங்கோ, படம் தேவைப்படாது, எல்லாருக்கும் தெரியும். பிறகு ஒவ்வொருத்தரும் தன்ர சாமானை கொப்பியில எழுதட்டும், எழுதாதது பையில இல்லை எண்டு கறாரா நில்லுங்கோ.

ஒரேயொரு இடத்தில மட்டும் விரிவான சாமான் புத்தகம் காசுக்குப் பெறும், கடைக்குத் திரும்ப ஏலாத நெடும்பயணம். பத்து நாள் நிலத்துக்குக் கீழ, ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் நடை, மந்திரம் போட ஆளில்லை எண்டு வையுங்கோ. 80 பந்தம் வேணும், ஒண்டு ஒரு இறாத்தல், அப்ப 80 இறாத்தல். விளையாட்டில பலம் எண்ட புள்ளி 10 உள்ள பாத்திரம் மொத்தமாத் தூக்கிறதே 150 இறாத்தல். அதையே மூடி போட்ட லாம்பில பாருங்கோ, லாம்பு 2 இறாத்தல், ஒரு இறாத்தல் எண்ணெய்க் குப்பி 6 மணித்தியாலம் எரியும், 14 குப்பி காணும், எல்லாம் சேத்து 16 இறாத்தல், வெளிச்சமும் 30 அடி. விலை கூடத்தான், லாம்பே 5 பொற்காசு. அங்க சண்டை இல்லாமலே பெடியள் வாக்குவாதப்படுவினம், ஆர் எண்ணெய் காவுறது, கயிறை விடுறதோ சாப்பாட்டை விடுறதோ எண்டு. என்ர பாத்திரம் இருட்டில கண் தெரியிற இனம், விளக்கே வேண்டாம் எண்டு ஒருத்தன் சொல்லுவான், விடாதேங்கோ, முழு இருட்டு அவனுக்கு மங்கல் வெளிச்சம்தான், நிறம் தெரியாது, பாத்துக் கண்டுபிடிக்கிற வேலைக்கு டைஸை ரெண்டு தரம் உருட்டி குறைஞ்சதைத்தான் எடுக்கோணும். அந்தப் பயணம் நடத்திற எண்ணம் இருந்தாலும் முதல் இலவசப் பட்டியலோட ஓடிப் பாருங்கோ, பத்தாட்டி பேந்து யோசிக்கலாம்.

அட்வான்ஸ் இன்னும் போடேல்லையெண்டா போடாதேங்கோ. போட்டிட்டியள் எண்டா பாங் சிலிப்பையும் மெசேஜையும் அழிக்காம வச்சு, புத்தகம் வாற திகதியை அவரின்ர வாயால இல்லாம எழுத்தில வாங்குங்கோ, திகதி தர மாட்டன் எண்டா அண்டைக்கே காசைத் திருப்பிக் கேளுங்கோ.